பதியம் போடும் பிளாஸ்டிக் பந்து: 8 செ.மீ. வாங்கலாம், 5 செ.மீ. வேண்டாம்

குங்குமச் சிமிழ் மாதிரி இரண்டாகத் திறக்கும் ஒரு பிளாஸ்டிக் உருண்டை. மேலும் கீழும் கிளை நுழைய அரைவட்ட வெட்டு, பக்கவாட்டில் சில துளைகள், மூடினால் கவ்விக்கொள்ள இரண்டு மூன்று கொக்கிகள். 'ஏர் லேயரிங் பால்', 'ரூட் குரோயிங் பாக்ஸ்', 'கிராஃப்டிங் பால்' என்று ஆன்லைன் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கிறது. பெரும்பாலும் கம்பெனிப் பெயர் இருக்காது. ஐந்து, பத்து என்று கட்டாகப் போட்டு விற்கிறார்கள். கிராஃப்டிங் என்ற பெயரே தவறு. ஒட்டுக் கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மரத்தில் இருக்கும் கிளையிலேயே வேர் விட வைத்து, பிறகு வெட்டி நடுவதை நம் ஊரில் விண்பதியம் என்று சொல்வோம்; அதைச் செய்ய உதவும் பாத்திரம் இது, அவ்வளவுதான்.

'மாட்டினால் 15 நாளில் வேர்' என்ற விளம்பர வாசகத்தை மறந்துவிடுங்கள். பந்துக்குள் மருந்தோ மாயமோ எதுவும் இல்லை. வேர் வருவதும் வராததும் கிளையில் பட்டையை எப்படி உரித்தோம், உள்ளே எதை வைத்தோம் என்பதைப் பொறுத்தது. பந்து செய்யும் வேலை, அந்த ஈரமான பொருளைச் சிந்தாமல் கிளையோடு பிடித்து வைப்பதும், வேண்டியபோது திறந்து பார்க்க விடுவதும்தான். இந்த இரண்டு வேலையையும் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும்.

முதலில் அளவு. சந்தையில் 5, 8, 12 செ.மீ. என்று மூன்று அளவுகள் பரவலாக உண்டு. பார்வைக்கு 5-க்கும் 8-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொள்ளளவைக் கணக்குப் போட்டால் தெரியும்: 5 செ.மீ. பந்தில் சுமார் 65 மி.லி., 8 செ.மீ. பந்தில் சுமார் 270 மி.லி., 12 செ.மீ. பந்தில் சுமார் 900 மி.லி. அதாவது சின்னப் பந்தில் ஒரு காபி டம்ளர்கூட நிறையாது. சித்திரை வெயிலில், உள்ளே வைக்கும் அந்த 65 மி.லி. தேங்காய் நார்க்கழிவு ஓரிரு நாளில் காய்ந்து பொரிந்துவிடும்.

காய்வது மட்டும் பிரச்சினை இல்லை, இடமும் போதாது. பட்டையை 2.5 செ.மீ. அகலத்துக்கு உரிக்கிறோம் என்று வையுங்கள். வேர் வருவது அந்த வளையத்தின் மேல் விளிம்பிலிருந்துதான். 5 செ.மீ. பந்தின் நடுவில் வளையத்தை வைத்தால், மேல் விளிம்புக்கும் பந்தின் வாய்க்கும் நடுவே ஒன்றேகால் செ.மீ.தான் மிஞ்சும். அந்த வாய்ப்பக்கம்தான் முதலில் காய்கிற இடமும். வேர் முளைக்க வேண்டிய இடமே காய்ந்து கிடந்தால் பிறகு எங்கிருந்து வேர் வரும்? செம்பருத்தி, குரோட்டன்ஸ் போன்ற சுலபமான செடிகளின் மெல்லிய கிளைகளுக்கு, அதுவும் மழைக்காலத்தில், சின்னப் பந்து ஒப்பேறும். கொய்யா, மாதுளை என்று நினைத்து வாங்குபவர்கள் தவிர்த்துவிடலாம்.

12 செ.மீ. பந்துக்கு வேறு தொல்லை. ஈரத்தோடு நிரப்பினால் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். கட்டைவிரல் தடிமனுக்குக் குறைந்த கிளையில் மாட்டினால் கிளை வளைந்து தொங்கும். காற்றில் ஆடும்போது பட்டை உரித்த இடத்திலேயே முறியும். ஒரு குச்சியை ஊன்றிக் கட்டினால்தான் தாங்கும். பென்சில் முதல் சுண்டுவிரல் தடிமன் வரையுள்ள கிளைகளுக்கு 8 செ.மீ. தான் சரி, வீட்டுத் தோட்டத்தில் நமக்கு வேண்டிய கிளைகளும் பெரும்பாலும் அந்தத் தடிமன்தான். மூன்று அளவும் கலந்து வரும் கட்டு மலிவாகத் தெரியும். வாங்கினால் பாதி சும்மா கிடக்கும்.

அடுத்து நிறம். கறுப்பு, பச்சை, கண்ணாடி மாதிரித் தெளிவானது என்று உண்டு. தெளிவான பந்தில் வேர் வந்ததா என்று திறக்காமலே பார்க்கலாம். இது உண்மையிலேயே பெரிய வசதி. திறந்து திறந்து பார்ப்பதில்தான் பாதிப் பதியங்கள் கெடுகின்றன. ஆனால் வெளிச்சம் உள்ளே போவதால் பச்சைப் பாசி படியும். வேரும் வெளிச்சத்தை விரும்பாது. சமையலறை அலுமினியத் தாளை மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டால் தீர்ந்தது. வெளிச்சமும் மறையும், வெயிலும் எதிரொளித்துப் போகும். பார்க்க வேண்டும் என்றால் தாளை மட்டும் விலக்கலாம். கறுப்புப் பந்து மேற்கு வெயில் படும் கிளையில் நன்றாகச் சூடேறும். அதற்கும் தாள் சுற்றத்தான் வேண்டும் என்பதால் தெளிவானதையே வாங்குவது புத்திசாலித்தனம்.

கொக்கிகள் பலவீனமானவை. வெயிலில் கிடந்த மெல்லிய பிளாஸ்டிக் ஒரு கோடையிலேயே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். முதலில் போவது கொக்கி, அடுத்து கீல். கீல் இல்லாமல் இரண்டு தனிப் பாதியாக வருகிற வகை இதைவிட மேல். ஒரு பாதி உடைந்தால் இன்னொரு பந்தின் பாதியைப் போட்டுக்கொள்ளலாம். எந்த வகையானாலும் கொக்கியை நம்பாமல் வெளியே இரண்டு இடத்தில் சணல் கயிற்றால் கட்டிவிடுவது நல்லது.

இனி கத்தி வேலை. போன வருடம் வளர்ந்து இப்போது பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையைத் தேர்ந்தெடுக்கவும். நோய் இல்லாத, வெயில் படும் கிளையாக இருக்கட்டும். பூவும் பிஞ்சும் இருந்தால் கிள்ளிவிடுங்கள். நுனியிலிருந்து 30 முதல் 45 செ.மீ. கீழே, ஒரு கணுவுக்குச் சற்றே அடியில், கூரான கத்தியால் கிளையைச் சுற்றி ஒரு கோடு. 2.5 செ.மீ. இறங்கி இன்னொரு கோடு. இரண்டையும் இணைத்து நெடுக ஒரு கீறல் போட்டால் பட்டை சட்டை கழற்றுவது போல வந்துவிடும். மழைக்காலத்தில் எளிதாக வரும். வரவில்லை என்றால் செடி அப்போது வளர்ச்சியில் இல்லை என்று பொருள். நன்றாகத் தண்ணீர் விட்டு, புதுத் துளிர் வந்த பிறகு மறுபடி முயலலாம்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தோற்பதும் இங்கேதான். பட்டை போன இடத்தைத் தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று ஈரமாக ஒரு படலம் இருக்கும். அதுதான் கேம்பியம், புதுப் பட்டையை உண்டாக்கும் அடுக்கு. அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, விரலுக்கு வழுக்காமல் சொரசொரப்பாகப் படும்வரை எடுக்க வேண்டும். நூல் அளவு மிச்சம் இருந்தாலும் அது மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் பாலம் போட்டு இணைத்துவிடும். இணைந்துவிட்டால் செடிக்கு வேர் விட வேண்டிய அவசியமே இல்லை.

காரணம் எளிது. இலை தயாரித்த சர்க்கரையும், துளிரில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியும் பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் இரண்டும் மேல் விளிம்பில் வந்து தேங்கும். அங்கே முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு, பிறகு அதிலிருந்து வேர். தண்ணீர் மேலேறுவது உள்ளே இருக்கும் கட்டை வழியாக என்பதால் கிளை வாடாது. அதனால்தான் சுரண்டும்போது கட்டையில் ஆழமாக வெட்டுப் படக்கூடாது என்கிறோம். இரண்டே வாரத்தில் இலை தொங்கினால், கத்தி கட்டைக்குள் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

சில விற்பனையாளர்கள் பந்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வேர்ப் பவுடரும் தருகிறார்கள். எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஐபிஏ என்று அச்சிடாத பவுடரை நம்ப வேண்டாம். ஐபிஏ என்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், வேர் விடத் தூண்டும் ஒரு வகை ஆக்சின். கொய்யா, மாதுளை, எலுமிச்சை போன்றவற்றின் பாதி முற்றிய கிளைகளுக்கு 3000 பிபிஎம் பொருத்தம்; அதாவது 100 கிராம் டால்க் மாவில் 0.3 கிராம் ஐபிஏ. ஈர விரலால் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும். வளையம் முழுக்க அப்புவதால் லாபம் இல்லை. அளவு மீறினால் விளிம்பே கறுத்துக் கருகும். செம்பருத்திக்கும் அத்திக்கும் பவுடரே தேவையில்லை. தேன் தடவச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. தேனில் வேர் விட வைக்கும் எதுவும் இல்லை, எறும்பைத்தான் கூப்பிடும்.

உள்ளே வைப்பதற்கு, தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் என்ற காய்ந்த பாசி முதல் தரம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, கையால் இறுக்கிப் பிழிந்து, மறுபடி பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் பதத்தில் வைக்க வேண்டும். கிடைக்காத ஊரில் கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) போதும், கழுவியிருந்தால். தேங்காய் நார்க்கழிவில் உப்பு இருக்கும்; கழுவாததைப் போட்டால் இளவேரின் நுனி கருகும். 650 கிராம் கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும். அது 8 செ.மீ. பந்து முப்பதுக்குக் காணும் என்பதால், நாலு பந்துக்காகப் பெரிய கட்டி வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் உப்பு இறங்கிவிடும். தோட்ட மண்ணைத் திணிப்பவர்களும் உண்டு. கனம் கூடும், காய்ந்தால் கெட்டிப்படும், கழற்றும்போது வேரோடு உதிரும். வேண்டாம்.

இரண்டு பாதியையும் தனித்தனியே நிரப்பி, விளிம்புக்கு மேல் சற்றுக் கும்பலாக வைத்து மூட வேண்டும். மட்டமாக நிரப்பினால் மூடியபின் கிளையை ஒட்டி ஒரு வெற்றிடம் தங்கிவிடும். வளையத்தின் மேல் விளிம்பு பந்தின் மேல் வாயிலிருந்து 3 செ.மீ. உள்ளே இருக்கட்டும். வேர் கீழ்நோக்கி வளரும் என்பதால் கீழ்ப் பாதியில்தான் அதற்கு இடம் வேண்டும்.

பந்தின் உண்மையான குறை அந்த வாயில் இருக்கிறது. துளையின் அளவு ஒன்றுதான். கிளையோ ஒவ்வொன்றும் ஒரு தடிமன். பென்சில் கிளையில் மாட்டினால் சுற்றிலும் இடைவெளி விழும். கோடையில் அந்த வழியாக ஈரம் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிளை வழியே வழியும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கி, அழுகல் நாற்றம் வரும். விளம்பரப் படத்தில் இந்த இடைவெளியைப் பார்க்கவே முடியாது. ஒட்டுக்கட்டும் டேப்பையோ பழைய பாலித்தீன் பட்டையையோ மேல் வாயில் நாலு சுற்று இறுகச் சுற்றவும். கீழ் வாயை லேசாக விட்டுவிடலாம், மிகுதித் தண்ணீர் வடியட்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் 'பந்து சரியில்லை' என்று எழுதப்படும் விமர்சனங்கள்தான் ஆன்லைனில் அதிகம். டேப்பையும் சேர்த்தே விற்றிருக்கலாம் என்ற புகார் மட்டும் நியாயமானது.

வழக்கமாக விண்பதியத்துக்குப் பாசியை வைத்துச் சுற்றிக் கட்டுவது பாலித்தீன் தாள். தண்ணீர் விடுவதில் பந்து அந்தப் பாலித்தீனை வென்றுவிடுகிறது. பக்கத் துளையில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து 10 முதல் 20 மி.லி. விட்டால் போதும். மழைக்காலத்தில் பெரும்பாலும் தேவைப்படாது. கோடையில் நாலைந்து நாளுக்கொரு முறை தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் விடலாம். ஆனால் கோடையில் ஏன் போட வேண்டும்? ஆடி முதல் கார்த்திகை வரை காற்றில் ஈரம் இருக்கும் மாதங்களே தோது. எறும்பு குடியேறியிருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்தச் செடிக்கு வாங்கலாம்? கொய்யா, மாதுளை, எலுமிச்சை, அத்தி, லிட்சி, ரப்பர் செடி, குரோட்டன்ஸ், செம்பருத்தி எல்லாம் ஒத்துழைக்கும். மா, பலா இரண்டும் முரண்டு பிடிக்கும். அவற்றுக்கு ஒட்டுத்தான் வழி. சப்போட்டாவைப் பாலை என்ற மரத்தின் கன்றோடு நெருக்கி வைத்து ஒட்டுக் கட்டுவதும் அதனால்தான். வாழை, தென்னை, மூங்கில் போன்ற ஒருவித்திலைத் தாவரங்களில் வளையமாக உரிக்கப் பட்டையும் இல்லை, கேம்பியமும் இல்லை. அவற்றின் படத்தைப் போட்டுப் பந்து விற்பவர்களைக் கண்டுகொள்ளவே வேண்டாம். முருங்கைக்குப் பந்து வாங்குவது வீண் செலவு. ஒரு மீட்டர் போத்தை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். மல்லிகையின் நீண்ட கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்தால் செலவே இல்லை.

எலுமிச்சையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கொய்யா விதை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. மகரந்தம் கலந்த விதை. எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும். அவற்றில் பல, மகரந்தச் சேர்க்கையால் வராமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. ஆகவே விதைக்கன்றே பெரும்பாலும் தாயை ஒத்திருக்கும். அப்படியானால் எலுமிச்சைக்குப் பதியம் எதற்கு? காத்திருக்கும் வருடங்கள் குறையும் என்பதற்காகத்தான். ஆனால் விதை கடத்தாத நச்சுயிரி நோய்களைப் பதியம் அப்படியே கடத்தும். இலையில் திட்டுத்திட்டாக மஞ்சள், சின்னக் காய், காய்ந்த நுனி என்றிருக்கும் எலுமிச்சை மரத்தின் பக்கமே பந்தைக் கொண்டு போகாதீர்கள்.

காலக்கணக்கு தோராயமாக இப்படி: அத்தி, செம்பருத்தி 3 முதல் 5 வாரம், கொய்யா, மாதுளை 6 முதல் 8 வாரம், எலுமிச்சை 10 வாரம்கூட ஆகலாம். 60 நாள் கழித்தும் இலை பச்சையாக இருந்து வேர் இல்லை என்றால் திறந்து வளையத்தைப் பாருங்கள். பட்டைப் பாலம் தெரிந்தால் சுரண்டி, மறுபடி மூடலாம். உருண்டையாக வெள்ளைத் தடிப்பு மட்டும் இருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது ஊக்கி தேவைப்படுகிறது. கறுத்து நாறினால் அந்தக் கிளையை விட்டுவிட்டு, வெட்டுக்குக் கீழே நல்ல இடம் வரை நறுக்கிவிடுங்கள்.

முதல் வெள்ளை வேரைக் கண்டதும் வெட்டிவிடும் ஆசையை அடக்க வேண்டும். வேர் பந்தின் சுவரைத் தொட்டு, கிளைத்து, கொஞ்சம் பழுப்பேறிய பிறகே வெட்டலாம். அதிலும் ஒரே நாளில் வேண்டாம். பந்துக்குக் கீழே கிளையின் பாதித் தடிமனுக்கு ஒரு வெட்டு; ஒரு வாரம் கழித்து முழு வெட்டு. கிளை இதற்குள் தன் வேரை நம்பப் பழகியிருக்கும்.

பந்தைத் திறப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேர் பக்கத் துளைகள் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும், கீலுக்குள்ளும் புகுந்திருக்கும். வெடுக்கென்று திறந்தால் நல்ல வேர்களே அறுந்துபோகும். பாலித்தீனில் இந்தத் தொல்லை இல்லை, பிளேடால் ஒரு கோடு போட்டு உரித்துவிடலாம். பந்தை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, துளை வழியே வந்த வேரை உள்ளே தள்ளி அல்லது நறுக்கி, மெதுவாகப் பாதிகளைப் பிரிக்கவும். பாசியையோ நார்க்கழிவையோ வேரிலிருந்து பிரிக்க முயல வேண்டாம், அப்படியே நடலாம்.

8 அங்குலப் பை அல்லது தொட்டி, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. இலைகளில் பாதியைக் கழிக்க வேண்டும். சின்ன வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் இறைக்க முடியாது. ஆடாமல் குச்சி கட்டி, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நாலு வாரம். பதியன் செடிக்கு ஆணிவேர் கிடையாது. நிலத்தில் நட்ட பிறகும் முதல் இரண்டு வருடம் முட்டுக் கொடுத்தால்தான் ஆடிக் காற்றுக்குச் சாயாமல் நிற்கும். கொய்யா பைக்குள்ளேயே பூக்கும். பார்க்க அழகுதான், கிள்ளி எறியுங்கள்.

பாலித்தீன் தாளோடு ஒப்பிட்டால் பந்து எப்படி? ஒரு பந்தின் விலையில் 20 செ.மீ. அகலப் பாலித்தீன் துண்டும் பாசியும் வைத்து நாலைந்து பதியம் போட்டுவிடலாம். சரியாக இறுக்கிக் கட்டிய பாலித்தீனில் ஈரம் பந்தைவிட நன்றாகவே நிற்கும். நூற்றுக்கணக்கில் போடும் நர்சரிக்காரர் பந்தைத் தொட மாட்டார், தொடவும் தேவையில்லை. ஆனால் பாலித்தீனைத் தனி ஆளாக, ஒரு கையால் பாசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்றிக் கட்டுவது பழகாதவருக்குச் சர்க்கஸ். பந்தில் அந்தச் சிரமம் இல்லை. மொட்டை மாடியில் நாலைந்து மரம் வைத்திருப்பவர், பள்ளியில் பிள்ளைகளுக்கு வேர் முளைப்பதைக் காட்ட நினைக்கும் ஆசிரியர், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள் ஆகியோருக்கு 8 செ.மீ. தெளிவான பந்து வாங்கத் தகுந்ததே. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். வாயை அடைக்க ஒரு ரப்பர் வளையம் சேர்த்திருந்தால் நாலரை கொடுத்திருக்கலாம். 5 செ.மீ. பந்துக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை.

திரும்பப் பயன்படுத்தும் முன் கழுவுவது முக்கியம். ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து எடுத்து வைக்கவும். வெயிலில் காயப்போட்டால் அடுத்த முறை கொக்கி இருக்காது.